பிள்ளை அழுதால் யார் எழுவது?

(வானொலி மறையுரை. தவக்காலம் நான்காம் வாரம், புதன்கிழமை. வாசகங்கள்: எசாயா 49:8-15, யோவான் 5:17-30)



இப்போது வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் சிலர் இரவு முழுவதும் தூங்காதவர்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து, விடிந்ததே தெரியாமல் அடுப்படிக்கு வந்திருப்பீர்கள். இன்றைய மறையுரை முதலில் உங்களுக்கு. பிறகுதான் மற்றவர்களுக்கு.

இன்றைய முதல் வாசகத்தில் சீயோன் அழுகிறாள். எருசலேம் பாழாகி, மக்கள் பாபிலோனில் அந்நியராய்க் கிடந்த காலம் அது. ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார், என்னை மறந்தேபோனார் என்று அவள் புலம்புகிறாள். ஆண்டவர் அவளை அதட்டவில்லை. “எதற்கு இந்த ஆர்ப்பாட்டம்?” என்று கேட்கவில்லை. பால் குடிக்கும் பிள்ளையைப் பெற்றவள் மறந்துவிடுவாளா என்று கேட்கிறார். இந்தப் பகுதியை நாம் படங்களில் அச்சிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அன்னையர் தினத்தில் வாசிக்கிறோம். ஆனால் ஆண்டவர் அங்கே நிறுத்தவில்லை. அந்தத் தாயே ஒருவேளை மறந்துபோனாலும் தாம் மறக்கப்போவதில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

இந்த இரண்டாம் பகுதியை நான் பல ஆண்டுகள் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். தாயாவது, மறப்பதாவது என்று நினைத்தேன். அதன் பொருளை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓர் இளம் தாய். அவருடைய அனுமதியோடு, ஊரையும் பெயரையும் விட்டுவிட்டு, நடந்ததைச் சொல்கிறேன்.

கடற்கரைப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றிய காலம். ஒரு ஞாயிறு இரண்டாம் திருப்பலியில் மறையுரை ஆற்றிக்கொண்டிருந்தேன். பெண்கள் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை அழத் தொடங்கியது. நான் குரலை உயர்த்தினேன், அதுவும் உயர்த்தியது. கடைசியில் பேச்சை நிறுத்திவிட்டு, “யாராவது அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் வெளியே கொண்டுபோனால் மற்றவர்கள் கேட்கலாம்” என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் தலையைக் குனிந்தபடி பிள்ளையோடு எழுந்து போனார். நான் மறையுரையைத் தொடர்ந்தேன். அன்று எதைப்பற்றிப் பேசினேன் என்று இன்று எனக்கு நினைவில்லை. அந்தப் பெண் எழுந்து போனது மட்டும் நினைவிருக்கிறது.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வீடு சந்திப்புக்குப் போனபோது அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவரே பேசினார்.

“சாமி, புள்ளைக்கு அப்ப ரெண்டு மாசங்கூட ஆகல. சாயங்காலம் அழ ஆரம்பிச்சா ராத்திரி பதினொன்னு, பன்னெண்டு ஆவும் நிறுத்த. அவுக ஆழ்கடலுக்குப் போனா வர பத்து நாளாவும். கரைக்கு வந்தா அலுப்புல தூங்கிருவாக. எங்க அத்தை, உனக்குப் பால் பத்தல, உனக்குப் புள்ளை வளக்கத் தெரியலம்பாக. கோயிலுக்கு வந்தா ஒரு மணி நேரமாவது சுத்தி நாலு பேரு இருப்பாகன்னுதான் சாமி வந்தேன்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு இன்னொன்று சொன்னார். “ஒரு நாள் ராத்திரி என்னால முடியல சாமி. கையெல்லாம் நடுங்குச்சு. புள்ளைய என்னமாச்சும் செஞ்சிருவனோன்னு பயந்துட்டேன். பாயில மல்லாக்கப் போட்டுட்டு வாசப்படியில வந்து உக்காந்துட்டேன். உள்ள அது அழுவுது, வெளிய நான் அழுவுறேன். கொஞ்ச நேரங் கழிச்சுத்தான் போய்த் தூக்குனேன். இத நான் பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா சாமி?”

அன்பார்ந்தவர்களே, குருத்துவக் கல்லூரியில் எத்தனையோ ஆண்டுகள் படித்திருந்தும் அந்தக் கேள்விக்கு அன்று எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. “ஆண்டவர் உன்னைப் புரிந்துகொள்வார் அம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு எங்கள் பங்கு மருந்தகத்தில் செவிலியராக இருந்த அருள்சகோதரியிடம் கேட்டேன். “அந்தப் பெண் செய்தது பாவமில்லை, ஃபாதர். அந்த நேரத்தில் செய்யக்கூடிய மிகச் சரியான காரியத்தை அவள் செய்திருக்கிறாள்” என்றார். அவர் அன்று விளக்கியதையும், அதன்பின் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்குச் சொல்கிறேன். இதைக் கேட்டு ஒரு பிள்ளையின் உயிர் பிழைத்தாலும் போதும்.

முதலாவது, நல்ல உடல்நலத்தோடு இருக்கும் பிள்ளையும் அழும். பிறந்த சில வாரங்களில் அழுகை கூடிக்கொண்டே போய், ஏறக்குறைய ஆறாவது வாரத்தில் உச்சத்துக்கு வரும். மூன்று, நான்கு மாதங்களில் தானே குறையும். மாலையிலும் முன்னிரவிலும்தான் அதிகம் அழும். தாய்க்கு வளர்க்கத் தெரியாததால் வரும் அழுகை இல்லை இது. ஆகவே மாமியார்களே, அக்கம்பக்கத்தாரே, “என்னடி செய்தாய் பிள்ளையை?” என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, பிள்ளை அழுதால் பார்க்கவேண்டியவை சில உண்டு. பசியா, துணி நனைந்திருக்கிறதா, புழுக்கமா, குளிரா, எறும்பு கடித்ததா, விரலில் நூலோ முடியோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். பால் குடித்தபின் தோளில் நிமிர்த்திப் போட்டு ஏப்பம் விடச் செய்யுங்கள். இத்தனையும் பார்த்த பிறகும் அழுதால், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நடங்கள். நம் பாட்டிமார் செய்ததுதான். ஜப்பான் நாட்டில் ரிகென் ஆய்வு நிறுவனத்தார் 2013இல் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். தாய் உட்கார்ந்தபடி பிள்ளையை வைத்திருந்ததைவிட, தூக்கிக்கொண்டு நடந்தபோது அழுகை தணிந்தது, இதயத் துடிப்பும் நிதானமானது. 2022இல் இன்னொன்றும் கண்டார்கள். ஐந்து நிமிடம் நடந்து பிள்ளை தூங்கியதும் உடனே கீழே கிடத்தாமல், இன்னும் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்திருந்து கிடத்தினால் விழித்துக்கொள்வது குறைகிறது. கிடத்தும்போது மல்லாக்கக் கிடத்துங்கள்.

மூன்றாவது, அழுகையை நிறுத்துவதற்காகத் தேன், சர்க்கரைத் தண்ணீர், கடையில் கேட்டு வாங்கும் தூக்க மருந்து எதையும் கொடுக்காதீர்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் போதும். ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு உடம்பு சுட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டாலோ, தாலாட்டிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அவசரமென்றால் 108ஐ அழையுங்கள்.

நான்காவதுதான் மிக முக்கியமானது. எவ்வளவு கோபம் வந்தாலும் பிள்ளையைப் பிடித்துக் குலுக்காதீர்கள். பச்சைப் பிள்ளையின் கழுத்துக்குத் தலையைத் தாங்கும் வலு இல்லை. குலுக்கும்போது மூளை மண்டையோட்டில் மோதுகிறது, இரத்த நாளங்கள் அறுந்து இரத்தம் கசிகிறது. சில நொடிகள் போதும், பார்வை போகலாம், உயிரே போகலாம். இதைச் செய்பவர்கள் எல்லாரும் கொடியவர்கள் அல்லர். பலர் தூக்கமின்றித் தவித்துத் தனியாய் நின்றவர்கள். ஆகவே கை நடுங்குகிறது, இனி முடியாது என்று தோன்றினால், பிள்ளையை விழுந்துவிடாத இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, சில நிமிடம் வெளியே வாருங்கள். முகம் கழுவுங்கள். யாரையாவது கூப்பிடுங்கள். மனம் தணிந்ததும் போய்ப் பாருங்கள். அழுவதால் பிள்ளை அந்தச் சில நிமிடத்தில் கெட்டுப்போகாது. அந்தத் தாய் வாசற்படியில் உட்கார்ந்தது தம் பிள்ளையைக் காப்பாற்றுவதற்காக.

திருவிவிலியத்தில் இப்படி ஒரு தாய் இருக்கிறார். தொடக்கநூல் 21ஆம் அதிகாரத்தில் ஆகார். வீட்டைவிட்டு அனுப்பப்பட்டு, பெயேர்செபா பாலைநிலத்தில் அலைகிறார். தோற்பையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. மகனை ஒரு புதரடியில் விட்டுவிட்டு, அம்பு எய்யும் தூரம் தள்ளிப்போய் உட்கார்ந்து அழுகிறார். பிள்ளை சாவதைக் கண்ணால் பார்க்க அவரால் முடியவில்லை. விட்டுவிட்டு வந்த தாய் என்று கடவுள் அவரைக் குற்றம் சாட்டினாரா? இல்லை. உனக்கு என்ன நேர்ந்தது என்று தூதர் வழியாகக் கேட்கிறார். பயப்படாதே என்கிறார். பிள்ளையின் குரலைத் தாம் கேட்டதாகச் சொல்கிறார். மகனைத் தூக்கிக்கொள்ளச் சொல்கிறார். அப்புறம் அவர் கண்களைத் திறந்து, அருகே இருந்த கிணற்றைக் காட்டுகிறார்.

கவனியுங்கள். கடவுள் பிள்ளையின் அழுகையைக் கேட்டார், ஆனால் முதலில் பேசியது தாயிடம். நாம் பிள்ளை அழுதால் பிள்ளையைப் பார்க்கிறோம், தாயைக் குறை சொல்கிறோம். கடவுள் தாயிடம், உனக்கு என்னம்மா என்று கேட்கிறார். அழும் பிள்ளையைத் தேற்றும் வழி, அதைத் தூக்கி நிற்பவளைத் தேற்றுவதில் தொடங்குகிறது.

இப்போது எசாயாவின் அந்த இரண்டாம் பகுதிக்கு வருவோம். தாயே மறந்துபோனாலும் என்று ஆண்டவர் ஏன் சொன்னார்? தாய் கடவுள் அல்லர், அவரும் மனிதர்தான் என்று அவரைப் படைத்தவருக்குத் தெரியும். தாயன்புக்கும் களைப்பு உண்டு, எல்லை உண்டு. அந்த எல்லையில் தாம் நிற்பதாக ஆண்டவர் சொல்கிறார். நாமோ தாய் என்றால் தெய்வம் என்று பாடிவிட்டு, தெய்வத்துக்கு ஏது தூக்கம் என்று போய்ப் படுத்துவிடுகிறோம். புகழ்ச்சியாலேயே ஒருவர்மேல் தாங்கமுடியாத சுமையை ஏற்றிவிடலாம். விவிலியம் அப்படிச் செய்வதில்லை.

அப்படியென்றால் தாயின் எல்லையில் ஆண்டவர் யாருடைய கைகளோடு நிற்கிறார்? இன்றைய நற்செய்தி அதற்குப் பதில் தருகிறது. முப்பத்தெட்டு ஆண்டு படுத்த படுக்கையாய்க் கிடந்தவரை இயேசு ஓய்வுநாளில் நலமாக்கினார். ஓய்வுநாளில் எப்படி வேலை செய்யலாம் என்று கேட்டவர்களிடம், தம் தந்தை இன்றுவரை வேலை செய்துகொண்டே இருப்பதாகவும், தாமும் அவ்வாறே செய்வதாகவும் சொல்கிறார். தந்தை செய்யக் காண்பதையே மகன் செய்கிறார் என்றும் விளக்குகிறார்.

தகப்பன்மார்களே, நம் விண்ணகத் தந்தைக்கு, “இது என் வேலை இல்லை” என்று சொல்லும் நேரம் எதுவும் இல்லை. கிடையாய்க் கிடப்பவன் ஒருவன் இருக்கும்வரை அவர் எழுந்தே இருக்கிறார். பிள்ளை அழுதால் எழுவது பெண்பிள்ளை வேலை என்று நாம் எந்த நற்செய்தியில் படித்தோம்? பாலூட்டுவது ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே உங்கள் கைக்கும் வரும். தென் அமெரிக்காவில், கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில், 1970களின் இறுதியில் குறைமாதப் பிள்ளைகளை வைக்க இன்குபேட்டர்கள் போதவில்லை. அங்கிருந்த மருத்துவர்கள் பிள்ளையைத் தாயின் வெறும் மார்போடு நிமிர்த்தி அணைத்துக் கட்டிவைக்கச் சொன்னார்கள். இன்று கங்காரு பராமரிப்பு என்று உலக நல நிறுவனமே பரிந்துரைக்கும் முறை அது. தந்தையின் மார்பும் அதே சூட்டைத் தரும் என்று இன்று தெரியும். உங்கள் நெஞ்சில் படுத்து, உங்கள் இதயத் துடிப்பைக் கேட்டபடி தூங்கும் பிள்ளை, கடவுளைத் தந்தை என்று அழைப்பதன் பொருளைப் பிறகு மறைக்கல்வி வகுப்பில் புதிதாய்க் கற்கவேண்டியிருக்காது.

நான் சொன்ன அந்தக் குடும்பத்தில், மீனவரான அந்தத் தந்தை அடுத்தமுறை கரைக்கு வந்தபோது அவரிடமும் பேசினேன். கடலில் காற்றும் அலையும் இரைய, இரவெல்லாம் விழித்து வலையைக் காப்பவர் அவர். “கரையில் ஒரு காவல் உன் மனைவிக்குத் தா, தம்பி” என்றேன். அவர் சிரித்தார். பிறகு மனைவி சொன்னார், கரையில் இருக்கும் நாள்களில் சாயங்கால அழுகையை அவர் எடுத்துக்கொள்கிறாராம். பிள்ளையைத் தோளில் போட்டுக் கடற்கரையில் நடப்பாராம். அழுகை முழுவதும் நின்றுவிடவில்லை. “ஆனா இப்ப நான் ரெண்டு மணி நேரம் தூங்குறேன் சாமி” என்றார்.

அடுத்தது, பங்கு மக்களாகிய நமக்கு. 2014ஆம் ஆண்டு, ஆண்டவரின் திருமுழுக்கு விழாவன்று, மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தார். பிள்ளைகள் அழுதபோது அதை அழகான பாடற்குழுவாகவே கருதினார். பசித்தால் தயங்காமல் அங்கேயே பாலூட்டும்படி தாய்மாரிடம் சொன்னார். மைக்கேலாஞ்சலோவின் ஓவியங்களுக்குக் கீழே கைக்குழந்தைகள் அழலாமென்றால், நம் ஊர்க் கோயிலில் அழக்கூடாதா? பெத்லகேமில் பிறந்த பாலகனும் அழுதிருப்பார். மரியாவும் யோசேப்பும் இரவில் எழுந்திருப்பார்கள். சிலுவையில் உரத்த குரலில் கதறியவரின் திருப்பலியில் ஒரு பிள்ளையின் குரல் இடைஞ்சல் என்று நான் எண்ணியதற்காக இன்றும் வருந்துகிறேன்.

தவக்காலத்தில் நாம் இறைச்சியை விடுகிறோம், பூவை விடுகிறோம். நல்லது. மீதமிருக்கும் நாள்களுக்கு மூன்று சிறிய காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். தகப்பனாக இருந்தால், ஒவ்வொரு நாளும் ஒரு அழுகை நேரத்தை உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அன்பியத்தில் இருந்தால், உங்கள் தெருவில் கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் போய், “பிள்ளையை நான் வைத்திருக்கிறேன், நீ ஒரு மணி நேரம் படு தாயி” என்று சொல்லுங்கள். கோயிலில் பிள்ளை அழுதால் திரும்பி முறைக்காமல் பக்கத்தில் நகர்ந்து இடம் கொடுங்கள், கேட்டுக்கொண்டு கை நீட்டுங்கள்.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். பிள்ளை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, காரணமின்றி அழுகை வருகிறது, உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற நினைப்பு விடாமல் வருகிறது என்றால், அது பேயும் இல்லை, விசுவாசக் குறைவும் இல்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் சில பெண்களுக்கு வரும் நோய் அது. அதற்கு மருந்து உண்டு. மந்திரிக்கப் போகாமல் மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற டெலி மனாஸ் எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். வீட்டாருக்குச் சொல்லுங்கள். ஆகாருக்குக் கண் திறந்ததுபோல உங்களுக்கும் ஒரு கிணறு அருகிலேயே இருக்கும்.

அந்த இளம் தாய் பிறகு திருப்பலிக்கு வந்தார். பிள்ளை அழுதது. நான் மறையுரையைச் சுருக்கிக்கொண்டேன். எழுந்து போக முயன்றவரைப் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். நற்கருணை வாங்கும்வரை பிள்ளை அந்தப் பாட்டியிடமே இருந்தது.

செபிப்போம். அழுகிற பிள்ளைகளின் குரலைக் கேட்கும் தந்தையே, இந்த இரவும் தூங்காமல் நிற்கும் தாய்மார்களை நினைத்தருளும். அவர்கள் கை தளரும் இடத்தில் எங்கள் கைகளை வைக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். உம்மைப்போல எழுந்து வேலை செய்யும் தகப்பன்மார்களை எங்கள் வீடுகளுக்குத் தாரும். உம் மகனைத் தாலாட்டிய அன்னை மரியாவும், இரவில் எழுந்து உம் பிள்ளையைக் காத்த புனித யோசேப்பும் எங்களுக்காக வேண்டிக்கொள்வார்களாக. எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.